பலகைத் தொழிற்சாலை கேட்ட கேள்வி

1975ஆம் ஆண்டுக்குரிய பொருளாதார நோபெல் பரிசு இருவருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஒருவர் சோவியத் நாட்டைச் சேர்ந்த லியோனிட் காண்டரோவிச். மற்றவர் நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ட்யாலிங் கூப்மன்ஸ். இவ்விருவரில் எவரும் பொருளாதார மாணவராகப் பல்கலைக்கழகத்தில் நுழைந்தவர் அல்லர். கூப்மன்ஸ் கணிதமும் இயற்பியலும் பயின்றவர். அணுக்களிலும் மூலக்கூறுகளிலும் உள்ள எலெக்ட்ரான்களின் ஆற்றல் பற்றி 1934இல் அவர் நிறுவிய தேற்றம் இன்றும் வேதியியல் நூல்களில் அவர் பெயராலேயே வழங்கி வருகிறது. காண்டரோவிச்சோ தூய கணித அறிஞர்.

அத்தகைய கணித அறிஞர் பொருளாதாரத்தின் பக்கம் திரும்பியது ஏன்? தம் கருத்துகளை விரிவாக விளக்கி அவர் எழுதிய நூல் பதினேழு ஆண்டுகள் அச்சேறாமல் கிடந்தது ஏன்? விடை காண நாம் 1938ஆம் ஆண்டின் லெனின்கிராட் நகருக்குச் செல்ல வேண்டும்.

பதினான்கு வயதில் பல்கலைக்கழகம்

காண்டரோவிச் 1912 ஜனவரி 19ஆம் நாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அதே நகரம்தான் பின்னர் லெனின்கிராட் எனப் பெயர் பெற்று, 1991இல் மீண்டும் பழைய பெயரையே ஏற்றது. அவருடைய தந்தை ஒரு மருத்துவர். மகனுக்குப் பத்து வயதாகும்போதே அவர் காலமாகிவிட்டார். மற்றச் சிறுவர்கள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பதினான்காம் வயதில், 1926இல், காண்டரோவிச் லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பதினெட்டு வயதில் படிப்பை முடித்தார். 1934இல் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு!

இளம் பேராசிரியரின் புகழ் நகரெங்கும் பரவியிருந்தது. ஆகவே 1938ஆம் ஆண்டில், ஒட்டுப்பலகை உற்பத்தி செய்யும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பொறியாளர்கள் ஒரு சிக்கலுடன் அவரிடம் வந்தனர்.

பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை எவ்வாறு செய்யப்படுகிறது? அடிமரத்தைக் கடைசல் இயந்திரம் போன்ற ஒன்றில் பொருத்திச் சுழற்றுவார்கள். கூரிய அலகு ஒன்று அதன்மேல் பட்டு, மரத்தை மெல்லிய தாளாகச் சீவி எடுக்கும். பென்சில் சீவும்போது சுருள் சுருளாக வருகிறதல்லவா, அதைப் போன்றதே இது. இத்தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி அழுத்தினால் ஒட்டுப்பலகை கிடைக்கும்.

அந்நிறுவனத்தில் மரம் சீவும் இயந்திரங்கள் எட்டு வகை. சீவ வேண்டிய மரங்கள் ஐந்து வகை. எல்லா இயந்திரங்களும் எல்லா மரங்களையும் ஒரே வேகத்தில் சீவுவதில்லை. ஐந்து வகைத் தாள்களும் குறிப்பிட்ட விகிதத்தில் கிடைக்க வேண்டும். அப்படியானால் எந்த இயந்திரத்திற்கு எந்த மரத்தை எவ்வளவு நேரம் கொடுத்தால் மொத்த உற்பத்தி மிக அதிகமாக இருக்கும்? பொறியாளர்கள் கேட்ட கேள்வி இதுவே.

நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்

இதில் என்ன பெரிய சிக்கல் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எட்டையும் ஐந்தையும் இரண்டிரண்டாகச் சுருக்கி நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் தொழிற்சாலையில் இரண்டு இயந்திரங்கள் உள்ளன. முதல் இயந்திரம் மணிக்கு 20 பிர்ச் மரத் தாள்களைச் சீவும். பைன் மரமானால் 10 தாள்கள்தான். இரண்டாம் இயந்திரம் பிர்ச், பைன் எதுவானாலும் மணிக்கு 30 தாள்கள் சீவும். ஒரு பிர்ச் தாளும் ஒரு பைன் தாளும் சேர்ந்தால் ஒரு பலகை. நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேர வேலை. எத்தனை பலகைகள் செய்யலாம்?

முதல் திட்டம்: இரண்டு இயந்திரங்களும் பாதி நேரம் பிர்ச்சும் பாதி நேரம் பைனும் சீவட்டும். பிர்ச் தாள்கள் 80+120=200. பைன் தாள்கள் 40+120=160. எனவே 160 பலகைகள். 40 பிர்ச் தாள்கள் மிச்சம்.

இரண்டாம் திட்டம்: முதல் இயந்திரம் நாள் முழுதும் பிர்ச், இரண்டாவது நாள் முழுதும் பைன். பிர்ச் 160, பைன் 240. இப்போதும் 160 பலகைகள்தான்.

மூன்றாம் திட்டம்: ஒவ்வோர் இயந்திரமும் தனக்குள்ளேயே இரு வகைத் தாள்களையும் சம எண்ணிக்கையில் சீவட்டும். முதலாவது ஏறத்தாழ 53 இணைகளையும் இரண்டாவது 120 இணைகளையும் தரும். மொத்தம் சுமார் 173. மிச்சம் எதுவும் இல்லை. இதுவே சிறந்தது என்று பலரும் முடிவு கட்டிவிடுவார்கள்.

ஆனால் நான்காவது திட்டம் ஒன்று உண்டு. முதல் இயந்திரம் எட்டு மணி நேரமும் பிர்ச்சையே சீவட்டும். 160 தாள்கள் கிடைக்கும். இரண்டாம் இயந்திரம் ஒரு மணி இருபது நிமிடம் மட்டும் பிர்ச்சைச் சீவி 40 தாள்கள் தரட்டும். எஞ்சிய ஆறு மணி நாற்பது நிமிடத்தில் 200 பைன் தாள்களைச் சீவட்டும். பிர்ச் 200, பைன் 200. பலகைகள் 200!

அதே இயந்திரங்கள், அதே ஆட்கள், அதே எட்டு மணி நேரம். முதல் இரு திட்டங்களைவிட நூற்றுக்கு 25 வீதம் அதிக உற்பத்தி. எங்கிருந்து வந்தது இந்த 40 பலகைகள்? புதிதாக எதுவும் வாங்கப்படவில்லை. எதை எதற்குக் கொடுப்பது என்ற முடிவு மட்டுமே மாறியது.

ஐந்நூறு கோடிக் கணக்குகள்

இரண்டு இயந்திரங்களாக இருந்ததால் நமக்கு விடை எளிதில் கிடைத்தது. உண்மையான தொழிற்சாலையில் எட்டு இயந்திரங்களுக்கும் ஐந்து மரங்களுக்கும் சேர்த்து 40 தெரியாக் கணியங்கள் இருந்தன. ஒவ்வோர் இயந்திரத்தின் நேரத்திற்கும் ஒன்றாக 8 சமன்பாடுகள், ஐந்து வகைத் தாள்களின் விகிதத்திற்கு 4 சமன்பாடுகள், ஆக 12. இத்தகைய கணக்கில் 40 கணியங்களுள் 12 மட்டும் மதிப்புப் பெற்று, மற்றவை சுழியாக இருக்கும் நிலைகளிலேயே சிறந்த விடையைத் தேடினால் போதும் என்பதைக் கணிதம் காட்டுகிறது.

ஆனால் 40இலிருந்து 12ஐ எத்தனை வகையில் தேர்ந்தெடுக்கலாம்? சேர்மானக் கணக்குப் படித்த மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். விடை 558 கோடிக்கும் மேல்! நிமிடத்துக்கு ஒரு தேர்வு வீதம், உண்ணாமல் உறங்காமல் தீர்த்துக்கொண்டே போனாலும் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். மின்னணுக் கணிப்பொறிகள் தோன்றியிராத காலம் அது. கணக்கைத் தீர்க்க முடியும் என்று சொல்லிவிட்டுத் தீர்க்காமல் விடுவதில் பொறியாளர்களுக்கு என்ன பயன்?

காண்டரோவிச் வேறு வழியைத் தேடினார். திட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வகைத் தாளுக்கும் ஓர் எண்ணை இணைத்தார். அவ்வெண்களைத் தீர்வுப் பெருக்கிகள் என்று அழைத்தார். எண்கள் சரியாக அமைந்துவிட்டால், எந்த இயந்திரம் எந்த மரத்தைச் சீவ வேண்டும் என்பது தானே விளங்கிவிடும். எண்கள் சரியில்லையெனில், எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சிறிது சிறிதாகத் திருத்திச் சென்றால் கையாலேயே விடையை எட்டிவிடலாம்.

தளர்ந்த கயிறும் இறுகிய கயிறும்

பெருக்கி என்பது என்ன? இயற்பியல் மாணவர்களுக்கு இது புதியதன்று. ஒரு குண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கயிற்றின் நீளத்தைத் தாண்டிக் குண்டு செல்ல முடியாது. அது ஒரு கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு வலுவாகத் தடுக்கிறது என்பதைக் காட்டுவது கயிற்றின் இழுவிசை. குண்டை உள்ளங்கையில் தாங்கிச் சற்று உயர்த்தினால் கயிறு தளர்ந்துவிடும், இழுவிசை சுழியாகிவிடும். கயிறு இருக்கிறது, ஆனால் அது எதையும் தடுக்கவில்லை. பிரெஞ்சுக் கணித மேதை லாக்ராஞ்சு இயக்கவியலில் புகுத்திய பெருக்கிகள் இத்தகைய விசைகளையே அளக்கின்றன.

காண்டரோவிச்சின் பெருக்கிகளும் இவற்றின் உறவினர்களே. தொழிற்சாலையில் கயிறு என்பது இயந்திரத்தின் நேரம், மரத்தின் அளவு, மின்சாரம் போன்ற பற்றாக்குறைகள். எந்தப் பொருள் போதாமல் உற்பத்தியைத் தடுக்கிறதோ, அதன் பெருக்கி பெரிதாக இருக்கும். எந்தப் பொருள் மிச்சமாகக் கிடக்கிறதோ, அதன் பெருக்கி சுழியாகிவிடும். தளர்ந்த கயிறு போல.

நம் கணக்கிலேயே இதைச் சரிபார்க்கலாம். இரண்டாம் இயந்திரம் இரு மரங்களையும் ஒரே வேகத்தில் சீவுகிறது, இரண்டையும் செய்கிறது. ஆகவே ஒரு பிர்ச் தாளின் மதிப்பும் ஒரு பைன் தாளின் மதிப்பும் சமம். ஒவ்வொன்றும் அரைப் பலகைக்குச் சமம். இந்த மதிப்பில், முதல் இயந்திரம் ஒரு மணி நேரம் பிர்ச் சீவினால் 10 பலகைக்குச் சமமான பொருளைத் தரும். பைன் சீவினால் 5 பலகைக்குச் சமமானதையே தரும். எனவே அது பிர்ச்சைத்தான் சீவ வேண்டும். இரண்டாம் இயந்திரத்தின் ஒரு மணி நேரம் 15 பலகைக்குச் சமம். எட்டு மணி நேரத்திற்கு 80+120=200. பலகைகளை எண்ணியபோது கிடைத்த விடையே, நேரத்தின் மதிப்பைக் கூட்டியபோதும் கிடைக்கிறது! இதைவிடச் சிறந்த திட்டம் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

இன்னொன்றும் இங்கே வெளிப்படுகிறது. இரண்டு இயந்திரங்களில் ஒன்றைக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓட்ட முடியும் என்றால் எதை ஓட்டலாம்? முதலாவதை ஓட்டினால் 210 பலகைகள். இரண்டாவதை ஓட்டினால் 215. இரண்டாம் இயந்திரம் ஒரு மணி நேரம் பழுதாகி நின்றால் இழப்பு 15 பலகைகள். ஆகவே ஒரு பொருளின் மதிப்பு அதில் எவ்வளவு பாடுபட்டோம் என்பதில் மட்டும் அடங்கிவிடவில்லை. அது இல்லாவிட்டால் எதை இழப்போம் என்பதிலும் இருக்கிறது. கேட்பதற்கு எளிமையான இந்த முடிவுதான் காண்டரோவிச்சுக்குப் பெருஞ்சோதனையாக வந்தது.

பெட்டியில் உறங்கிய நூல்

1939இல் லெனின்கிராட் பல்கலைக்கழகம், உற்பத்தியை ஒழுங்குபடுத்தித் திட்டமிடும் கணித முறைகள் பற்றிய அவருடைய சிறு நூலை வெளியிட்டது. பலகைத் தொழிற்சாலையின் சிக்கல் மட்டுமன்றி, எரிபொருளைப் பங்கிடுதல், கழிவு குறையுமாறு பொருள்களை வெட்டுதல், விளைநிலங்களில் பயிர்களைப் பிரித்தல், சரக்குகளை அனுப்பும் வழிகளை வகுத்தல் ஆகிய அனைத்துக்கும் அடிப்படையில் ஒரே கணக்குத்தான் என்பதை அதில் அவர் எடுத்துக்காட்டினார்.

நாடு முழுவதையும் திட்டமிட்டு நடத்த முயன்ற சோவியத் அரசு இதை இருகை நீட்டி வரவேற்றிருக்கும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? நடந்தது வேறு. உழைப்பே மதிப்பின் ஊற்று என்பது அந்நாட்டின் பொருளாதாரக் கொள்கை. இயந்திரத்தின் நேரத்திற்கும் நிலத்திற்கும் தனி மதிப்பு உண்டு என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினால், அது முதலாளித்துவக் கருத்தைக் கொல்லைப்புற வழியாக நுழைப்பதாகக் கருதப்படும். எண்களைச் சொல்வதுகூட ஆபத்தாக இருந்த காலம் அது. 1937இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் முடிவுகள் ஆட்சியாளருக்கு உவப்பாக இல்லாமையால் அவை மறைக்கப்பட்டன. அப்பணியின் தலைமை அலுவலர்கள் கைது செய்யப்பட்டனர். இதை அறியாதவர் அல்லர் காண்டரோவிச்.

1941இல் போர் வந்தது. லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டது. கடற்படைப் பொறியியல் கல்லூரியில் கற்பித்துவந்த காண்டரோவிச், அக்கல்லூரியுடன் யாரோஸ்லாவ்ல் நகருக்கு இடம் பெயர்ந்தார். அங்கே 1942இல், போருக்கிடையில், தம் முறையை ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதற்கும் விரித்து ஒரு நூல் எழுதினார். வளங்கள் மிகமிக அரிதாகிவிட்ட வேளையில் அவற்றைச் சிறப்பாகப் பயன்படுத்தும் வழியைச் சொல்லும் நூல் அது. திட்டக்குழுவினரிடம் அதைக் கொண்டு சென்றார். அவர்கள் ஏற்கவில்லை. மிகச் சிறந்த நிலை பற்றிப் பேசும் இக்கருத்து, முசோலினியின் ஆட்சி போற்றிய இத்தாலியர் பாரேட்டோவின் கருத்து அன்றோ என்று ஒருவர் சாடியதாக நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. அத்தகைய ஒரு சொல் அந்நாளில் ஒருவரின் வேலையைப் பறிக்கலாம், உயிரையும் பறிக்கலாம்.

காண்டரோவிச் வாதாடவில்லை. நூலைப் பெட்டியில் வைத்தார். கணிதத்துக்குத் திரும்பினார். அத்துறையில் செய்த பணிக்காக 1949இல் ஸ்டாலின் பரிசும் பெற்றார். ஆனால் தாம் கண்டதை அவர் கைவிட்டுவிடவில்லை. சரக்குப் போக்குவரத்து, தகடு வெட்டுதல் என்று கொள்கைப் பூசல் எழாத சிறு சிறு கணக்குகளாக எடுத்துக்கொண்டு உழைத்து வந்தார். 1953இல் ஸ்டாலின் மறைந்தபின் நிலைமை மெல்ல மாறியது. 1942இல் எழுதிய நூல் திருத்தங்களுடன் 1959இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. அடுத்த ஆண்டு சைபீரியாவிலுள்ள நோவோசிபிர்ஸ்க் சென்று, அங்குள்ள கணித நிறுவனத்தில் பொருளாதாரக் கணிதப் பிரிவை நடத்தினார். 1965இல் நெம்சினோவ், நொவோஷீலவ் என்னும் இரு பொருளாதார அறிஞர்களுடன் லெனின் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கடலுக்கு அப்பால்

இதற்குள் அமெரிக்காவில் அதே உண்மை தனியாகக் கண்டறியப்பட்டிருந்தது. போர்க்காலத்தில் வாஷிங்டனில் இருந்த கூப்மன்ஸ், கப்பல்களை எந்த வழியில் அனுப்பினால் வெறுங்கப்பலாகத் திரும்பும் பயணம் குறையும் என்பதை ஆராய்ந்தார். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் என்ற கணித அறிஞர், விமானப்படையின் திட்டங்களை வகுக்க முயன்றபோது, சிம்ப்ளெக்ஸ் முறை என்னும் புகழ்பெற்ற வழியைக் கண்டார். அத்துறைக்கு நேரியல் திட்டமிடல் என்ற பெயர் அமைந்தது. காண்டரோவிச்சின் 1939ஆம் ஆண்டு நூலைப் பற்றி அவர்கள் அப்போது அறிந்திருக்கவில்லை. பின்னர் கூப்மன்ஸ் அதை அறிந்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தார். 1960இல் அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தபோதுதான், முதலில் வழி கண்டவர் யார் என்பது மேலை நாட்டினருக்குத் தெளிவாயிற்று.

அன்றைய கணக்கீட்டின் பாடு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மனிதனுக்கு ஓராண்டுக்குத் தேவையான சத்துகள் அனைத்தையும் மிகக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்று ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் 1945இல் கணக்கிட்டார். 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள். 1939ஆம் ஆண்டு விலையில் ஆண்டுக்கு 39.93 டாலர் என்பது அவர் கண்ட தோராய விடை. 1947இல் டான்ட்சிக்கின் முறையைச் சோதிக்க இதே கணக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மேசைக் கணக்கிடும் கருவிகளுடன் ஒன்பது பேர் உழைத்தனர். மொத்தம் 120 ஆள்நாள் பிடித்தது. விடை 39.69 டாலர்! இன்று ஒரு சாதாரணக் கணிப்பொறி கண் இமைக்கும் முன் இதைத் தீர்த்துவிடும்.

இன்று இம்முறை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும், விமானப் போக்குவரத்திலும், மின் நிலையங்களிலும் அன்றாடம் பயன்படுகிறது. மண்குவியலைக் குறைந்த செலவில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவதை ஒத்த ஒரு கணக்கைப் பற்றிக் காண்டரோவிச் 1942இல் எழுதிய சில பக்கக் கட்டுரை, இந்நாளில் கணிப்பொறிகள் படங்களை ஒப்பிடுவதற்கும் அடிப்படையாக அமைந்துள்ளது. காண்டரோவிச் 1986 ஏப்ரல் 7ஆம் நாள் மாஸ்கோவில் காலமானார்.

கணக்குக்கு எட்டாதது

இவ்வளவு ஆற்றல் வாய்ந்த முறை கையில் இருந்தும் ஒரு நாட்டின் பொருளாதாரம் ஏன் செழித்துவிடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். 1940களின் இறுதியில் லெனின்கிராடிலுள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில், உலோகத் தகடுகளைக் கழிவு குறையுமாறு வெட்டும் வழியைக் காண்டரோவிச்சும் இளம் கணித அறிஞர் சால்கல்லரும் வகுத்துக் கொடுத்தனர். கழிவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு தொழிற்சாலையும் இத்தனை டன் கழிவு உலோகத்தை உருக்காலைக்கு அனுப்ப வேண்டும் என்றும் ஓர் இலக்கு விதிக்கப்பட்டிருந்தது. தகடு வீணாகாததால் அந்த இலக்கு எட்டப்படவில்லை. தொழிற்சாலை குற்றம் சாட்டப்பட்டது என்று பின்னாளில் அதை நினைவு கூர்ந்தவர்கள் கூறினர்.

மலிவான உணவுக் கணக்கின் விடையையும் பாருங்கள். கோதுமை மாவு, உலர்ந்த அவரை விதை, முட்டைக்கோசு, பசலைக்கீரை, சுண்டிய பால். ஆண்டு முழுவதும் பெரும்பாலும் இவையே! சத்துகள் அனைத்தும் உண்டு, செலவும் குறைவு. ஆனால் எவர் உண்பார்? சுவை என்பது சமன்பாட்டில் எழுதப்படவில்லை. ஆகவே விடையிலும் அது வரவில்லை.

கணிதம் செய்தது பிழையன்று. கேட்ட கேள்விக்கு மிகச் சிறந்த விடையையே அது தந்தது. எதை மிகுதியாக்க வேண்டும், எதைக் குறைக்க வேண்டும், எந்தக் கட்டுப்பாட்டை மீறக்கூடாது என்பவற்றை மனிதர்கள்தாம் முதலில் எழுதித் தர வேண்டும். கழிவையே இலக்காக எழுதினால் கழிவுதான் பெருகும். காண்டரோவிச்சின் பெருக்கிகளைத் திட்டக்குழுவினர் அஞ்சியதற்குக் காரணமும் இங்கே விளங்குகிறது. ஓர் இலக்கை அடைய எதையெல்லாம் இழக்கிறோம் என்பதை அவ்வெண்கள் மறைக்காமல் சொல்லிவிடும். அவற்றைப் பார்த்தபின், அந்த இலக்கு தேவைதானா என்று எவரும் கேட்கலாம் அல்லவா? அந்தக் கேள்வியைக் கேட்க மாணவர்களாகிய உங்களுக்குப் பெரிய கணிப்பொறி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு இயந்திரங்களை வைத்து நாம் போட்ட கணக்கே போதும்.